பாட்டு ஒன்று, பாதை இரண்டு!

ஏற்றம் இறைக்கிறவன் பாடுகிறான். எதற்கு? இறைத்த சாலின் கணக்குத் தவறாமலிருப்பதற்கும், உடம்பின் அலுப்புத் தெரியாமலிருப்பதற்கும். நாற்று நடுகிற பெண்கள் பாடுகிறார்கள். எதற்கு? பத்துப் பேர் கையும் ஒன்றுபோல் ஓடுவதற்கு. தாய் தாலாட்டுப் பாடினால் குழந்தை தூங்குகிறது. செத்த வீட்டில் ஒப்பாரி வைத்தால் நெஞ்சை அடைத்துக்கொண்டிருந்த துக்கம் கொஞ்சம் இறங்குகிறது. ஆகவே பாட்டு என்றால் அதற்கு ஒரு காரியம் உண்டு. அந்தக் காரியம் நடந்ததா இல்லையா என்று கண்ணால் பார்த்துச் சொல்லிவிடவும் முடியும். வாய்க்காலில் தண்ணீர் வராவிட்டால் ஏற்றப்பாட்டு எவ்வளவு இனிமையாயிருந்துதான் என்ன பிரயோஜனம்?

கிறிஸ்தவர்கள் தங்கள் கோயிலில் பாடுகிற பாட்டையும் இதே அளவுகோலைக் கொண்டு அளந்து பார்க்கவேண்டும் என்பதே இவ்வியாசத்தின் நோக்கம். “இந்து மதத்தின் ஆபாசங்களையே எப்போதும் சொல்லுகிறீர்களே, கிறிஸ்தவர்களை ஏன் விட்டுவிடுகிறீர்கள்?” என்று சிலர் நம்மைக் கேட்கிறார்கள். பகுத்தறிவுக்கு இன்ன மதம் சொந்தம், இன்ன மதம் அந்நியம் என்பது கிடையாது. எந்த மதமானாலும் மனிதனை மனிதனாக நடத்துகிறதா என்பதுதான் நமது கேள்வி.

கோயிலில் ஏன் பாடுகிறீர்கள் என்று ஒரு கிறிஸ்தவத் தோழரைக் கேட்டால், அவர் மூன்று காரணம் சொல்லுவார். ஒன்று, ஆண்டவரைத் துதிப்பதற்கு. இரண்டு, படிக்காத ஜனங்களுக்கும் வேதத்தைப் போதிப்பதற்கு. மூன்று, சபையார் எல்லோரையும் ஒரே குடும்பமாக ஒன்றுபடுத்துவதற்கு. இந்த மூன்றையும் தனித்தனியே பார்ப்போம்.

முதலாவது, துதி. எல்லாம் அறிந்தவர், எல்லாம் வல்லவர், யாதொரு குறையும் இல்லாதவர் என்று சொல்லப்படுகிற ஒருவருக்குப் புகழ்ச்சி எதற்கு? ஊர் மிராசுதாரரை வைத்துக்கொண்டு காலையும் மாலையும் ஒருவன் “நீரே பெரியவர், நீரே பெரியவர்” என்று பாடினால், மானமுள்ள மிராசுதாரராயிருந்தால் மூன்றாம் நாளே கதவைச் சாத்திக்கொள்வார். மனிதனுக்கே கூச்சம் தருகிற காரியம் கடவுளுக்குப் பிரியமாயிருக்கும் என்று எண்ணுவது கடவுளையே கேவலப்படுத்துவதாகும்.

இந்தச் சந்தேகம் நமக்கு மட்டும் வந்ததல்ல. கி.பி. 354 முதல் 430 வரை வாழ்ந்து, வட ஆப்பிரிக்காவில் மேற்றிராணியாராயிருந்த அகுஸ்தீன் என்பவருக்கும் வந்தது. பாட்டின் பொருளைவிடப் பாடுகிற குரலின் இனிமைக்கே தம் மனம் இளகிவிடுகிறதென்றும், அப்படி இளகும்போது தாம் பாவம் செய்வதாகவே எண்ணுவதாகவும் தமது வாழ்க்கை நூலில் அவர் எழுதி வைத்தார். பாட்டு வேண்டுமென்றும், பாட்டில் ஆபத்து உண்டென்றும் இரண்டு பக்கமும் அவர் ஊசலாடினார். அவருக்குப் பதினொரு நூற்றாண்டுக்குப் பின் சுவிட்சர்லாந்து தேசத்துச் சூரிக் நகரில் சுவிங்கிலி என்ற பாதிரியார் ஊசலாடவில்லை. அவர் பல வாத்தியங்களை நன்றாக வாசிக்கத் தெரிந்தவர். அப்படிப்பட்டவரே 1525இல் வழிபாட்டில் பாட்டை நிறுத்தினார். 1527இல் பெரிய கோயிலின் ஆர்கன் வாத்தியம் உடைக்கப்பட்டது. மறுபடி அந்த நகரத்துக் கோயில்களில் பாட்டு வந்தது 1598இல்தான். எழுபது வருஷத்துக்கு மேல் துதிப்பாட்டு இல்லாமலிருந்தும் பரமண்டலத்திலிருந்து ஓர் ஆட்சேபணையும் வந்ததாகத் தெரியவில்லை!

“ஆனாலும் பாடும்போது ஏதோ ஓர் ஆவி வந்து நிரம்புகிறதே, உடல் புல்லரிக்கிறதே, அது பொய்யா?” என்பார்கள். புல்லரிப்பது பொய்யல்ல, ஆவி என்பதுதான் பொய். 2013இல் சுவீடன் தேசத்துக் கோதன்பர்க் பல்கலைக்கழகத்தார், கூடிப் பாடுகிறவர்களின் நாடித் துடிப்பைக் கருவி வைத்து அளந்தார்கள். பாட்டின் அடிக்கு ஏற்றபடி எல்லோரும் ஒரே சமயத்தில் மூச்சை விட்டு வாங்குவதால், நாடியும் ஒரே சமயத்தில் ஏறி இறங்குவதைக் கண்டார்கள். இது மூச்சின் வேலை. கிறிஸ்தவன் பாடினாலும், பஜனை கோஷ்டி பாடினாலும், கப்பல்காரன் கயிறு இழுக்கும்போது பாடினாலும் நடக்கிற காரியம் இது. இதற்குப் பரிசுத்த ஆவியும் வேண்டாம், பரமசிவனும் வேண்டாம்.

இரண்டாவது, போதனை. இதில் நியாயம் உண்டு என்பதை ஒளிக்காமல் ஒப்புக்கொள்ள வேண்டும். ஐரோப்பாவில் பாதிரியாரும் பாடகர் கூட்டமும் லத்தீனில் பாட, குடியானவன் வாய் மூடி நின்ற காலத்தில், ஜெர்மனியில் மார்ட்டின் லூதர் ஜனங்களின் சொந்த மொழியில் பாட்டுக் கட்டிக் கொடுத்தார். 1524இல் வந்த முதல் புத்தகத்தில் இருந்தவை எட்டே பாட்டுகள். அந்த எட்டுப் பாட்டு குருமாரின் தனி உரிமையில் விழுந்த எட்டு வெட்டு என்று சொல்லலாம். அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். 1715இல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி முடிந்தது. வேதத்தைச் சூத்திரன் கேட்டால் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்று என்று தர்மம் எழுதியிருந்த நாட்டில், வேதம் என்று சொல்லப்பட்ட ஒன்றைக் கூலிக்காரன் கையில் கொடுத்து, இந்தா படி, பாடு என்று சொன்னது சாமானியமான காரியமல்ல.

ஆனால் அந்தப் பாட்டுகள் ஜெர்மன் மெட்டில் தமிழ்ச் சொல்லை இழுத்துக் கட்டியவை. ஞானப்பாட்டு என்று அவற்றுக்குப் பெயர். நம்முடைய ராகத்தில், நம்முடைய தாளத்தில், பாமரனுக்கும் பிடிபடும்படி கீர்த்தனை செய்து கொடுத்தவர் வேதநாயகம் சாஸ்திரியார். 1774இல் திருநெல்வேலியில் பிறந்து, சுவார்ட்ஸ் ஐயரால் தஞ்சாவூருக்கு அழைத்துவரப்பட்டு, சரபோசி மன்னரின் நண்பராயிருந்து, 1864இல் இறந்தவர். பெத்லகேம் குறவஞ்சி பாடியவர் இவரே. 1853இல் மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த வெப் என்பவர் கீர்த்தனைகளைத் திரட்டிப் புத்தகமாக்கிய பிறகு, அவை தமிழ்நாட்டுச் சபைகளெங்கும் பரவின. தஞ்சையிலேயே ஆபிரகாம் பண்டிதர் என்ற கிறிஸ்தவ வைத்தியர் கருணாமிர்த சாகரம் என்ற பெரும் புத்தகத்தை 1917இல் வெளியிட்டு, கருநாடக சங்கீதம் என்பது தமிழரின் சொத்தே என்று வாதாடினார். சபாக்களில் தெலுங்குக் கீர்த்தனையே சங்கீதம் என்றிருந்தபடியால், நமக்குப் பக்கத்துச் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1941இல் தமிழிசை மாநாடு கூட்டவேண்டியதாயிற்று. அதற்கு நூறு வருஷத்துக்கு முன்பே கிறிஸ்தவக் கோயிலில் தமிழன் தமிழில் பாடிக்கொண்டிருந்தான். கத்தோலிக்கர் மட்டும் பூசையை லத்தீனிலேயே வைத்திருந்து, 1963இல் வத்திக்கான் சங்கம் இடம் கொடுத்த பிறகே ஜனங்கள் மொழிக்கு வந்தார்கள். இந்த மட்டில் கிறிஸ்தவப் பாட்டுக்குத் தமிழர் நன்றி சொல்லக் கடமைப்பட்டவர்களே.

இருந்தாலும் ஒன்று கேட்கிறோம். பாட்டில் போதிப்பது எல்லாம் போதனை ஆகுமா? வாத்தியார் பாடம் சொன்னால், “அது எப்படி?” என்று பையன் கை தூக்கலாம். பாட்டின் நடுவில் எவன் கை தூக்க முடியும்? மெட்டு இனிமையாயிருப்பதால் சொல் உண்மையாகிவிடாது. யோசிக்கும் முன்பே தலையாட்ட வைப்பதற்குப் பாட்டைப்போல் நல்ல கருவி வேறில்லை. அதனால்தான் எல்லா மதக்காரரும், எல்லா ராஜாக்களும், சரக்கு விற்கிற வியாபாரியுங்கூட, பாட்டைக் கைவிடுவதில்லை.

நிற்க. மூன்றாவது காரணந்தான் முக்கியமானது. பாட்டு எல்லோரையும் ஒன்றுபடுத்துகிறது என்கிறார்களே, ஒன்றுபடுத்தியதா?

மேற்சொன்ன வேதநாயகம் சாஸ்திரியாரையே எடுத்துக்கொள்வோம். அவர் காலத்தில் தஞ்சைக் கோயிலில் வேளாளக் கிறிஸ்தவர் ஒரு பக்கம், தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர் இன்னொரு பக்கம் என்று உட்கார்ந்து வந்தார்கள். பிறகு வந்த புதிய பாதிரிமார் இந்தப் பேதத்தை எடுத்துவிட வேண்டும் என்றார்கள். அதோடு கீர்த்தனையையும் அஞ்ஞானிகளின் சங்கீதம் என்று ஒதுக்கினார்கள். சாஸ்திரியார் அவர்கள்மீது கொடுமைகள் என்று குற்றம் சாட்டினார். வேத மொழிபெயர்ப்பை மாற்றியது ஒரு கொடுமை. ஜாதிகளை ஒன்றாகக் கலக்கச் சொன்னது ஒரு கொடுமை. கலியாணத்திலும் பண்டிகையிலும் பூவை விலக்கியது ஒரு கொடுமை. கோயிலில் கீர்த்தனையை நிறுத்தியது ஒரு கொடுமை. 1829இல் ஜாதியைத் திருத்துவது பயித்தியம் என்றே ஒரு நூலும் எழுதினார்.

இதை நன்றாகக் கவனிக்கவேண்டும். பாட்டு விஷயத்தில் கவிராயர் சொன்னது நியாயம், பாதிரிமார் செய்தது அகங்காரம். ஜாதி விஷயத்தில் பாதிரிமார் சொன்னது நியாயம், கவிராயர் செய்தது அநியாயம். தமிழனின் மெட்டுக்காக அழுத அதே கண்ணுக்குப் பக்கத்துப் பாயில் உட்கார வந்த தமிழன் தீட்டாகத் தெரிந்தான்! அன்பே கடவுள் என்று அவ்வளவு உருகிப் பாடியவருக்கே அந்தப் பாட்டு இந்தப் புத்தியைக் கொடுக்கவில்லை என்றால், அதைக் கேட்டவனுக்கு எங்கிருந்து வரும்? ஜாதியை உடனே, அடியோடு விடவேண்டும் என்று 1833இல் கல்கத்தா மேற்றிராணியார் வில்சன் சுற்றறிக்கை அனுப்பினபோது, தஞ்சையில் ஏராளமான வேளாளர் கோயிலைவிட்டே வெளியேறினார்கள். கிறிஸ்துவை விட முடிந்தது, ஜாதியை விட முடியவில்லை.

தெற்கே வடக்கன்குளத்துக்குப் போவோம். அங்கே கத்தோலிக்கர் 19ஆம் நூற்றாண்டில் ஒரு கோயில் கட்டினார்கள். கால்சட்டையின் இரண்டு கால்களைப்போல இரண்டு மண்டபம், இரண்டும் சேருகிற இடத்தில் பீடம், நடுவில் சுவர். ஒரு பக்கம் வேளாளர், மறுபக்கம் நாடார். பீடம் ஒன்று, பூசை ஒன்று, பாட்டும் ஒன்று. பாட்டு சுவரைத் தாண்டிப் போகும், மனிதன் தாண்டக்கூடாது! அந்தச் சுவரை 1910இல் கௌசானல் பாதிரியார் இடித்தார். இடித்த சுவரை மறுபடி கட்டவேண்டும் என்று வேளாளர் நீதிமன்றம் வரைக்கும் போனார்கள், கேட்டது கிடைக்கவில்லை. சுவரை விழ வைத்தது கடப்பாரையே தவிர கீர்த்தனை அல்ல என்பதை வாசகர்கள் மறக்கக்கூடாது.

இவை பழங்கதை என்பவர்கள் நெய்வேலியிலிருந்து மேற்கே புறப்பட்டு உளுந்தூர்ப்பேட்டைப் பக்கம் எறையூருக்குப் போகட்டும். புதுச்சேரி-கடலூர் மேற்றிராசனத்தைச் சேர்ந்த, நூற்றாண்டுகளாகக் கிறிஸ்தவம் நிலைத்த ஊர். அங்கே வன்னியக் கிறிஸ்தவரும் ஆதிதிராவிடக் கிறிஸ்தவரும் ஜெபமாலை அன்னையின் பெயரால் ஒரே பாட்டைப் பாடினார்கள். ஆனால் ஆதிதிராவிடர் உட்காருவதற்குத் தனி இடம், புதைப்பதற்குத் தனிக் கல்லறை, பிணம் போவதற்குத் தனிப் பாதை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று அவர்கள் கேட்டுப் போராடினார்கள். 2008ஆம் வருஷம் மார்ச்சு 9ந் தேதி அவர்கள் வீடுகள் தாக்கப்பட்டன. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் மாண்டார்கள். உயிரோடிருக்கும்போது ஒரே பாட்டைப் பாடின வாய், செத்த பிறகு ஒரே தெரு வழியாகப் போகக்கூடாதென்றால், அந்தப் பாட்டு எதை ஒன்றுபடுத்திற்று?

இதைப் படிக்கிற இந்துத் தோழர் சிரிக்க வேண்டாம். அதே மார்ச்சு மாதம் 2ந் தேதி, எறையூர்க் கலகத்துக்குச் சரியாக ஒரு வாரத்துக்கு முன், நெய்வேலிக்குத் தென்கிழக்கே சிதம்பரத்தில் என்ன நடந்தது? சிற்றம்பல மேடையில் ஏறித் தமிழில் தேவாரம் பாடுவதற்கு ஆறுமுகசாமி என்ற முதிய ஓதுவார் அரசாங்க உத்தரவோடும் போலீஸ் காவலோடும் போகவேண்டியிருந்தது. அப்படிப் போயும் தீட்சிதர்கள் மறித்தார்கள். ஆகவே இரண்டு மதத்தின் லட்சணமும் ஒரே வாரத்தில், ஒரே வட்டாரத்தில் வெளுத்துவிட்டது. அங்கே தமிழனைப் பாடவே விடவில்லை. இங்கே பாட விட்டார்கள், ஆனால் கூட நடக்க விடவில்லை. இதில் ஒருவர் முதுகை ஒருவர் பார்த்து நகைக்க யாருக்கு யோக்கியதை இருக்கிறது?

வெள்ளைக்காரன் தேசத்தில் மாத்திரம் பாட்டு மனிதனை மாற்றிவிட்டதா? உலகமெல்லாம் கிறிஸ்தவர்கள் உருகிப் பாடுகிற ‘அமேசிங் கிரேஸ்’ என்ற பாட்டை எழுதிய ஜான் நியூட்டன் அடிமை வியாபாரக் கப்பலில் வேலை செய்தவர். 1748இல் புயலில் அகப்பட்டு மனந்திரும்பினார். மனந்திரும்பிய பிறகும் 1754 வரை நீக்ரோ மக்களைச் சங்கிலியில் கட்டிக் கப்பலேற்றிக்கொண்டுதான் இருந்தார், கப்பல் தலைவராகவும் ஆனார். பாட்டை எழுதியது 1772இன் கடைசியில். அடிமை வியாபாரத்தின் கொடுமையை விவரமாக எடுத்துக்காட்டி ஒரு துண்டுப் புத்தகம் வெளியிட்டது 1788இல். அந்த வியாபாரத்தைப் பிரிட்டிஷ் பார்லிமெண்டு தடுத்தது 1807இல். எதனால் தடுத்தது? கப்பலில் எத்தனை பேரை எவ்வளவு இடத்தில் அடைத்தார்கள், எப்படிச் செத்தார்கள் என்ற சாட்சியத்தாலும், விடாத கிளர்ச்சியாலும், அடிமைகளே செய்த கலகங்களாலும், கடைசியில் சட்டத்தாலும். பாட்டு மனதை இளக்கியிருக்கலாம். இளகின மனம் தானாகச் சங்கிலியை அறுக்கவில்லை.

இந்த உண்மையைக் கிறிஸ்தவத்துக்குள்ளேயே கண்டவர்கள் இல்லாமற் போகவில்லை. மதுரைத் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராயிருந்த தியோபிலஸ் அப்பாவு (1940-2005) அப்படிப்பட்ட ஒருவர். கருநாடகக் கீர்த்தனையில் மேல்ஜாதி வாசனை அடிக்கிறது, ஏழையின் பாட்டு ஏழையின் மெட்டில்தான் இருக்கவேண்டும் என்று நாட்டுப்புறப் பாட்டையும் தாளத்தையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். அதைவிட முக்கியமானது, பாட்டோடு அவர் நிற்கவில்லை. ஒரே உலையில் பொங்கி எல்லோரும் சேர்ந்து உண்பதுதான் சமயம் என்று போதித்தார். கடவுள் விஷயத்தில் அவருக்கும் நமக்கும் ஒத்துக்கொள்ளாது. ஆனால் பாட்டின் பயனைச் சோற்றுப் பந்தியில் தேடவேண்டும் என்று கண்டுகொண்ட புத்தி பாராட்டத்தக்கது.

நெய்வேலித் தோழர்கள் தங்கள் ஊரையே கொஞ்சம் யோசித்துப் பார்க்கட்டும். 1956இல் நிலக்கரிக் கார்ப்பரேஷன் ஏற்பட்டு நகரியம் எழும்பியபோது, வேலையின் தரத்தையும் சம்பளத்தையும் பார்த்து வீடு ஒதுக்கினார்கள். இன்ன ஜாதிக்கு இன்ன வட்டம் என்று ஒதுக்கவில்லை. ஷிப்டுக்குச் சங்கு ஊதினால் எல்லா ஜாதியானும் ஒரே பஸ்ஸில் ஏறிச் சுரங்கத்துக்குப் போகிறான், ஒரே கரித்தூளைச் சுவாசிக்கிறான், ஒரே கேண்டீனில் சாப்பிடுகிறான். தலைமுறை தலைமுறையாகக் கீர்த்தனை பாடியும் நடவாத காரியத்தில் ஒரு பாதியை ஒரு வீட்டு ஒதுக்கீட்டுப் பட்டியலும் ஒரு கேண்டீனும் சத்தமில்லாமல் செய்துவிட்டன. மற்றப் பாதி ஏன் நடக்கவில்லை? ஷிப்டு முடிந்தவன் கலியாணத்துக்கும் கருமாதிக்கும் சொந்த ஊர்த் தெருவுக்குத் திரும்பி, அங்கே மதம் சொல்லுகிறபடி நடப்பதனால்தான்.

ஆகவே கிறிஸ்தவத் தோழர்களுக்கு நாம் சொல்லுவது இதுதான். உங்கள் பாட்டின்மேல் நமக்குப் பகையில்லை. நல்ல தமிழ், நல்ல மெட்டு, கேட்கச் சுகமாயிருக்கிறது. ஆனால் ஒரு வருஷத்துக்குப் பாட்டுப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு உங்கள் ஊரில் நான்கு விஷயங்களைக் கணக்கெடுங்கள். கோயிலில் உட்காருமிடம் ஒன்றா? கல்லறைத் தோட்டம் ஒன்றா? பிணமும் தேரும் போகிற தெரு ஒன்றா? பெண் கொடுத்துப் பெண் எடுப்பது ஒன்றா? நான்குக்கும் ஆம் என்று வந்தால் தாராளமாகப் பாடுங்கள். ஒன்றுக்கு இல்லை என்று வந்தாலும், உங்கள் பாட்டு தாலாட்டு என்று தெரிந்துகொள்ளுங்கள். தாலாட்டின் வேலை தூங்க வைப்பது.

சுயமரியாதைக்காரருக்கும் இந்தச் சோதனை உண்டு. நமது கூட்டங்களிலும் பேச்சுக்கு முன் பாட்டு இருக்கிறது. ஜாதி ஒழிய வேண்டும் என்று மேடையில் பாடக் கேட்டுக் கைதட்டிவிட்டு, வீட்டுக்குப் போய்ச் சொந்த ஜாதியில் ஜாதகம் பார்க்கிறவனுக்கும், எறையூரில் பாதையை மறித்தவனுக்கும் வித்தியாசம் அதிகமில்லை. நம்முடைய பாட்டும் காரியத்தில் முடியாவிட்டால் அதுவும் ஒரு பஜனைதான்.

பாட்டு மனிதன் கண்ட நல்ல கருவிகளில் ஒன்று. அது மண்வெட்டியைப் போன்றது. வாய்க்கால் வெட்டவும் உதவும், குழி தோண்டிப் புதைக்கவும் உதவும். கருவியைக் கும்பிட வேண்டியதில்லை, அதைக்கொண்டு என்ன செய்தோம் என்று கேட்டால் போதும். முதலில் சுவர் விழட்டும், பாதை ஒன்றாகட்டும், பந்தி ஒன்றாகட்டும். பிறகு வயிறு நிறைய உண்டு, வாய் நிறையப் பாடுங்கள். கடவுள் கேட்கிறாரோ இல்லையோ, நாம் கேட்க வருகிறோம்.